பை பத்திரம்

முன் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

வேனில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு. கால் நீட்டலாம். பாதை முழுக்கத் தெரியும். தூங்கி வழிகிறவன் யாரும் தோளில் சாய மாட்டான். எல்லாவற்றுக்கும் மேல், "ம், கிளம்பு" என்று சொல்கிற அதிகாரம் அந்தச் சீட்டில் உட்காருகிறவனுக்குத்தான்.

எங்கள் குடியிருப்புக்கு ஒரு சங்கம் உண்டு. தண்ணீர்த் தொட்டி கழுவுவதைத் தவிர வேறு எதற்கும் கூடாத சங்கம். அதற்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது. எல்லோருமாக வேன் பிடித்துத் தெற்கே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்றார்கள். குழுத் தலைவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். தலைவருக்கு முன் சீட்டு என்றார்கள்.

போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் கீழ்வீட்டு பாங்க்காரர். மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. தெற்குப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர். ஆனால் நிறையப் படித்திருக்கிறாராம்.

இன்னொருவன் நான். நான் போய் வந்தவன். போன வருஷம் நானும் மனைவியும், மச்சினியும் சகலையுமாகப் பெரிய சுற்று. மலை, கடல், அருவி, அரண்மனை, எதுவும் பாக்கி வைக்கவில்லை. அன்றிலிருந்து காலை நடையில் யார் எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும், "தெற்கே போய்ப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதுவே போதும். கேட்கிறவன் வாய் மூடிக்கொள்ளும்.

இந்தத் தடவை மூடவில்லை. ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் கூட்டம். போட்டியாளர் இருவரும் பேச வேண்டும். அனுபவம், ஆலோசனை எல்லாம் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுக் கை தூக்குவார்கள்.

இதில் சின்னதாக ஒரு சிக்கல்.

நான் எதையும் பார்க்கவில்லை.

விளக்கிவிடுகிறேன். நான் நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். வேலைக்காலம் முழுக்கச் சாவிக்கொத்தோடு உட்கார்ந்தவன். என்னைத் தாண்டி ஒரு திருகாணி வெளியே போனதில்லை. பூட்டைக் கண்டால் இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டேன். அடுத்த வீட்டுப் பூட்டாக இருந்தாலும் சரி. இப்படிப்பட்டவன் முன்னால், போன வருஷம் கிளம்புகிற நேரத்தில், என் மனைவி ஒரு பழுப்புப் பையைக் கொண்டுவந்து வைத்தாள். கெட்டித் துணி. அவளே தைத்தது. ஜிப்பில் ஒரு குட்டிப் பூட்டு. தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

"இதுல என்ன?"

"முக்கியமானது."

"என்ன முக்கியம்?"

"நாலு பேர் நடுவுல கேக்கிற கேள்வியா இது? இதை வேன்ல விட்டுட்டுப் போக முடியாது. எப்பவும் ஒருத்தர் கையிலயே இருக்கணும்."

"லாட்ஜ் ரூம்ல வைக்கிறது?"

"லாட்ஜ் பூட்டை நீங்க நம்புவீங்களா?"

நம்ப மாட்டேன். அவளுக்குத் தெரியும்.

"சரி, என்கிட்ட குடு."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடறேன்."

என் சகலை பால் பண்ணையில் கணக்கு எழுதுகிறவன். சட்டைப் பொத்தானையே இரண்டு தடவை தொலைத்தவன். பையைப் பிடுங்கிக்கொண்டேன்.

அப்புறம் என்ன? அருவி வந்தது. அவர்கள் அருவிக்குப் போனார்கள். நான் வண்டி நிறுத்துமிடத்தில் பையோடு உட்கார்ந்தேன். அரண்மனை வந்தது. நான் வாசல் பெஞ்சியில். கடல் வந்தது. நான் கரைச்சுவரில். படகில் மட்டும் ஏறப் பார்த்தேன்.

"ஏறுங்க. ஆனா படகு கவுந்தா பை என்னாகும்?" என்றாள்.

நியாயமான கேள்வி. படகுத்துறையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் பையைப் பூட்டோடு வாங்கிப் பரணில் போட்டாள். "நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவளிடமிருந்து விஷயத்தைக் கறந்தாக வேண்டும். அவளுக்குத் தெரியாமல் கறக்க வேண்டும். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த அருவி ஞாபகம் இருக்கா?"

"எந்த அருவி?"

"அதான், பெருசு."

"ரெண்டுமே பெருசுதான்."

இரண்டா? எனக்கு வண்டி நிறுத்துமிடம் ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

"முதல் அருவி. எப்படி இருந்துது?"

"ஈரமா இருந்துது."

"அரண்மனை?"

"உள்ள ஒரே இருட்டு. வரிசையா தூண். எதுக்கு இப்ப இதெல்லாம்?"

"சும்மா. பழைய ஞாபகம்."

"போன வருஷம் போனது அதுக்குள்ள பழசாயிடுச்சா?" மிஷினை நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமை பேசறதுக்கா?"

"யார் சொன்னா?"

"கீழ்வீட்டு அம்மா. அவங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு கையை ஆட்டிப் பேசறாராம். பால்காரன் பயந்து போயிட்டானாம்."

இனி மறைத்துப் பயனில்லை.

"நீ சொல்லிக்குடு. நான் பேசிக்கறேன்."

"சொல்லித்தர்றேன். ஆனா கூட்டத்துல நான் ஏதாவது சொன்னா, நீங்க மறுத்துப் பேசக்கூடாது. தலையாட்டணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

எப்படியும் ஆட்டுகிற தலைதான். ஒப்புக்கொண்டேன்.

சொன்னாள். நான் எதிர்பார்த்ததைவிட நீளமாகச் சொன்னாள். அருவிக்குக் கிட்டே போனால் பேச்சே கேட்காதாம். எல்லோரும் ஊமை மாதிரி கையாலேயே பேசிக்கொள்வார்களாம். அரண்மனையில் ஒரு கதவு இரண்டு ஆள் உயரமாம். ஆனால் ஒரு விரலால் தள்ளினால் நகருமாம். கடல்முனையில் ஒரே இடத்தில் நின்று சூரியன் வருவதையும் பார்க்கலாம், போவதையும் பார்க்கலாமாம். சொல்லும்போது கையில் இருந்த துணியை மறந்துவிட்டாள்.

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"சுவர்ல. கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பையையே பாத்துட்டிருந்தீங்க."

"பின்ன? அதை யார் பாக்கிறது?"

"அதான், அதான்" என்று மறுபடி மிஷினை மிதித்தாள்.

ஞாயிறு வந்தது. முதலில் பாங்க்காரர் பேசினார். கடல்மட்டத்திலிருந்து உயரம், வருஷத்துக்குப் பெய்கிற மழை, காற்று வீசுகிற திசை. இரண்டாம் மாடி டீச்சரம்மாவின் கண் சொக்கியது. மோட்டார் போடுகிறேன் என்று சொல்லி எழுந்துபோன வாட்ச்மேன் திரும்பி வரவேயில்லை.

என் முறை. எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். மனப்பாடம் செய்ததெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

"அருவின்னா அதுதான் அருவி" என்றேன். "உள்ள போனா ஒரே இருட்டு. வரிசையா தூண்."

"அருவியிலயா தூண்?" என்றார் பாங்க்காரர்.

"பழைய அருவி" என்றேன்.

"அரண்மனை எப்படி சார்?" என்றாள் டீச்சரம்மா.

"ஈரமா இருக்கும். பக்கத்துல போனா பேச்சே கேக்காது."

மொட்டைமாடி முழுக்கச் சிரிப்பு. பாங்க்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் சீட்டு கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் பேச வரும்.

"இருங்கய்யா. சிரிப்பை நிறுத்துங்க. அருவி எங்கேயும் போகாது, அது பாட்டுக்கு விழும். நீங்க வண்டியை எங்க நிறுத்துவீங்க? வாசல்கிட்ட நிறுத்தினா மதியத்துக்கு மேல சீட்டுல உக்கார முடியாது, அடுப்பு மாதிரி கொதிக்கும். பின்பக்கம் நிறுத்தணும். மரத்தடி வேண்டாம். மரத்துல குரங்கு. அந்தக் குரங்குக்கு ஜிப்பு திறக்கத் தெரியும். பூட்டு திறக்கத் தெரியாது. அதனால பைக்குப் பூட்டு போடணும்."

சிரிப்பு நின்றது.

"அரண்மனை வாசல்ல மூணு பெஞ்சி. நடு பெஞ்சி ஒரு பக்கம் தூக்கும். வயசானவங்க அதுல உக்காராதீங்க. டிக்கெட் குடுக்கிற ஆள் சாப்பிடப் போனா சாமானியத்துல வரமாட்டான். அவன் டிபன் பாக்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி போய் நிக்கணும். படகுத்துறையில கழிப்பறை இருக்கு. பூட்டித்தான் இருக்கும். சாவி டீக்கடைக்காரர்கிட்ட. டீ குடிக்காம கேட்டா, தொலைஞ்சு போச்சும்பார்."

டீச்சரம்மா கைப்பையில் பேனா தேடினாள். மூன்றாம் மாடி டாக்டர், "கழிப்பறை விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். கடைசியாக, மலைப்பாதையில் வயிறு புரட்டும் என்பதையும், முன் சீட்டில் உட்காருகிறவனுக்கு மட்டும் புரட்டாது என்பதையும் சொல்லி முடித்தேன்.

கைதட்டல். பாங்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்துவிட்டேன்.

அப்போது என் மனைவி எழுந்தாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா? இவ்வளவு விவரமான மனுஷனை முன் சீட்டுல சும்மா உக்கார வைக்கிறது பாவம். போன தடவை எங்க சாமான்ல ஒரு கைக்குட்டைகூட தொலையல. இவர் ஒருத்தர் வெளியில இருந்தா, நாம எல்லாரும் பையை விட்டுட்டு நிம்மதியா உள்ள போய்ப் பாக்கலாம். அந்தப் பொறுப்புக்கு இவரை விட்டா ஆள் கிடையாது. என்னங்க?"

என்னைப் பார்த்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தலையாட்டினேன்.

"அதுவும் சரிதான். அப்ப தலைவர் யாரு?" என்றார் டாக்டர்.

"உள்ள போய் எல்லாத்தையும் பாத்தவங்கதான் தலைவரா இருக்கணும்" என்று கீழ்வீட்டு அம்மா சட்டென்று எழுந்தாள். பாங்க்காரரின் சொந்த மனைவி. "அக்காதான் அது. தூக்குங்க கையை."

எல்லாக் கையும் உயர்ந்தது. பாங்க்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவர் கையும் உயர்ந்தது. என் கையைப் பார்த்தேன். அது எப்போதோ உயர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். பழுப்புப் பையை இறக்கினேன். ஒரு வருஷத் தூசி.

"சாவி குடு."

"எதுக்குங்க?"

"குடு."

கொடுத்தாள். தயங்கவேயில்லை. திறந்தேன். உள்ளே இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரி. அவை ஆடாமல் இருக்கச் சுற்றிலும் என் பழைய மில் ஸ்வெட்டர்.

"என்ன இது?"

"டைரக்டரி."

"அது தெரியுது. இதுல என்ன முக்கியம்?"

"அதுல ஒண்ணும் இல்ல. நீங்க உக்காந்ததுதான் முக்கியம்."

ஒன்றை வெளியே எடுத்தேன். அவள் என் கையிலிருந்த டைரக்டரியை வாங்கித் தூசி தட்டினாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்ககூட நான் எதையாவது முழுசா பாத்திருக்கேனா? வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே 'பாத்தாச்சா, போலாமா'ம்பீங்க. ஒரு அலையைக் கரை சேர விட்டிருக்கீங்களா? அது வர்றதுக்குள்ள 'கிளம்பு, கிளம்பு.' கடல்முனையில அன்னிக்கு சாயங்காலம் முழுக்க நின்னேன். யாரும் கூப்பிடல. அப்பாடான்னு இருந்துது."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்ல ஆரம்பிச்சா, 'சுருக்கமா சொல்லு'ம்பீங்க."

அவள் மிஷினுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் கவனித்தேன். ஊசிக்குக் கீழே கெட்டித் துணி. இந்தத் தடவை நீல நிறம்.

"அது யாருக்கு?"

"கீழ்வீட்டு அம்மா கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு."

"அந்த ஆள் பை தூக்குவானா? பாங்க் மேனேஜர்."

"உங்ககிட்ட குடுக்கப் போறதா சொல்லுவாங்க. பிடுங்கிக்குவார்."

"அவனுக்கு உள்ள என்ன வைக்கப் போறே?"

"உங்க டைரக்டரியில ஒண்ணைக் குடுத்துடலாம்னு பாக்கறேன். உங்களுக்கும் வயசாகுது, ஒண்ணு போதும். அரண்மனை வாசல்ல ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க. நடு பெஞ்சி மட்டும் வேண்டாம்."

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தைப் பையில் வைத்து, ஸ்வெட்டரைச் சுற்றி, ஜிப்பை மூடிப் பூட்டினேன்.

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பத்திரமாகத்தான் இருக்கிறது.