பொன்னையா தீர்த்துவிடப் போன கதை

"கல்யாணமே ஆகலையே, அப்புறம் எதத் தீர்க்கிறது?" என்று கேட்டார் கிளாக்கர் கணேசமூர்த்தி.

பொன்னையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருடமாக தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயத்தில், ஒரே காம்பரா அறையில் பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்தி, எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளையையும் வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"என்னங்கய்யா இப்புடிச் சொல்றீங்க? மாரியம்மன் கோயில்ல வச்சு தாலி கட்டினேங்க. தோட்டமே வந்து சாப்பிட்டுச்சு. பெரிய கங்காணி ரெண்டு தடவ சாப்பிட்டாரு."

"அவரு சாப்பிட்டதக் கோர்ட்டுல கேக்க மாட்டாங்க. பதிஞ்சீங்களா? விவாகத் தாள் இருக்கா?"

இல்லை. தாள் என்றாலே பொன்னையாவுக்கு ஆகாது. பெருவிரலில் மை தடவச் சொல்வார்கள் என்று தெரிந்தால் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டான். அப்படிப்பட்டவன் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி, ஹட்டனில் ஒரு பிரக்கிராசியின், அதாவது வக்கீலின், ஆபீசுக்கு வந்து, அவருடைய கிளாக்கர் முன்னால் கைகட்டி நிற்கிறான் என்றால், அதற்குக் காரணம் ஓர் ஆடு.

நல்ல மழை நாள். பொன்னையாவின் ஆடு சினையாக இருந்தது. நடுங்குகிறதே என்று இரக்கப்பட்டு, கொடியில் கிடந்த கம்பளியை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டான். அது அவன் பெண்டாட்டி நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளி. அவள் அன்று முழுக்க ஒரு கிழிந்த சாக்கோடு மலையில் நனைந்தாள்.

சாயங்காலம் வந்து கூடையை இறக்கி வைத்தாள்.

"எனக்கில்லாத கம்பளி ஆட்டுக்கா?"

"அது மாசமா இருக்கு புள்ள."

"நான் மாசமா இருந்தப்ப என்னத்தப் போத்துனீங்க?"

பதில் இல்லாத ஆம்பிளை என்ன செய்வானோ அதைப் பொன்னையா செய்தான். கத்தினான்.

"புடிக்கலைன்னா தீர்த்துட்டுப் போ!"

லயமே சத்தம் அடங்கிக் காது கொடுத்தது. நாகலெட்சுமி அழவில்லை.

"சரி, தீர்த்துவிடுங்க. தோட்டத் தலைவர் முன்னால வாய்ல தீர்க்கிற கதையெல்லாம் எனக்கு வேணாம். சட்டப்படி, தாளுல, முத்திரை குத்தித் தாங்க" என்றாள்.

மறுநாள் காலையிலேயே பொன்னையாவுக்குத் தான் சொன்னதெல்லாம் கசந்தது. ஆனால் இருபது காம்பரா கேட்டுவிட்ட பிறகு எந்த முகத்தோடு வாபஸ் வாங்குவது? தலவாக்கலையில் மஃறூப் முதலாளியின் கடைக்குப் போய் யோசனை கேட்டான். முதலாளி பேப்பர் படிக்கிறவர். "உங்க ஆளுகளுக்கும் விவாகரத்துச் சட்டம் வந்து ரெண்டு வருசமாச்சே. இந்து விவாகச் சட்டம். பேப்பர்ல போட்டிருந்தான்" என்று சொல்லி ஹட்டனுக்கு வழியும் காட்டிவிட்டார்.

அதைத்தான் இப்போது கிளாக்கரிடம் பொன்னையா எடுத்து விட்டான்.

"இந்துக்களுக்குப் புதுச் சட்டம் இருக்காமுல்லங்க?"

"அது இந்தியாவுல."

"நாங்களும் இந்தியாக்காரங்கன்னுதானேங்க இங்க சொல்றாங்க?"

"இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அங்க போனா சிலோன்காரன்னு சொல்லுவாங்க."

"அப்ப நான் யாருங்கய்யா?"

"அதுக்கு வேற ஆபீஸ் இருக்கு. இங்க விவாகரத்து மட்டுந்தான்."

கணேசமூர்த்தி நல்ல மனுஷன். இவ்வளவு தூரம் வந்தவனைச் சும்மா அனுப்ப மனம் வராமல் பேனாவைத் திறந்தார்.

"சரி, காரணமாச்சும் இருக்கான்னு பாப்போம். வேற ஆளோட சகவாசம் உண்டா?"

"ஐயய்யோ! அப்படிச் சொன்னா என் வாய் வெந்து போயிருங்க."

"உன்ன விட்டுட்டு ஓடிட்டாளா?"

"இல்லீங்களே. காலையில ரொட்டி கட்டிக் குடுத்தாளே."

"நீ எங்க வாறேன்னு தெரியுமா அவளுக்கு?"

"தெரியுங்க. தீர்க்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். ஹட்டன் தூரமாச்சேன்னு ரெண்டு ரொட்டி சேத்து வச்சா." பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை அவரிடம் நீட்டினான். "நீங்களும் சாப்பிடுங்கய்யா."

கிளாக்கர் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள வைத்திருந்த கட்டைச் சம்பல் காரமாக, அளவாக இருந்தது. பேனாவை மூடி வைத்தார். "இதக் குத்தமா எழுத ஏலாதப்பா. போய் முதல்ல விவாகத்தப் பதிஞ்சுட்டு வா."

திரும்பி வரும் பஸ்ஸில் பொன்னையா அவளுடைய குற்றங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க முயன்றான். நினைவுக்கு வந்ததெல்லாம் வேறு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு அவன் ஒரு மாதம் படுத்துக் கிடந்தபோது, கொழுந்தும் பறித்து, தண்ணீரும் சுமந்து, அவனுக்குக் கஞ்சியும் ஊட்டியவள் அவள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆட்டைவிடக் கேவலமாக அவளை நடத்திவிட்டேனே என்று நினைத்தபோது கண் கலங்கியது. நல்லவேளை, தீர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாரியம்மனுக்கும் கணேசமூர்த்திக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டான்.

வீட்டில் நாகலெட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏலாதாம் புள்ள" என்றான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "பதியாத கல்யாணத்தத் தீர்க்க முடியாதாம்."

"பதிஞ்சா?"

"பதிஞ்சா... தீர்க்கலாமாம்."

"அப்ப பதிஞ்சுருவோம். தலவாக்கலை ரெஜிஸ்தார் ஐயாகிட்ட நோட்டீஸ் எல்லாம் நான் பாத்துக்கிறேன். கூப்பிடுற அன்னிக்கு நீங்க வந்தாப் போதும்" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொன்னையா வாசலில் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டான். பதிந்தால் தீர்த்துவிடுவாள். ஆகவே பதியக்கூடாது. ஒரு யோசனை வந்தது. மகள் மீனம்மாவின் பிறப்புத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால், 'இதுவே அத்தாட்சி, பதிவே வேண்டாம்' என்று கிளாக்கர் சொல்லிவிடுவார். அதோடு பதிவுப் பேச்சு நின்றுவிடும். தீர்க்கும் பேச்சு மறுபடி எழும்புவதற்குள் இவளைக் கையைக் காலைப் பிடித்துச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

ஹட்டனில் கணேசமூர்த்தி அந்தத் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' அப்படின்னு ஒரு கேள்வி. 'இல்லை'ன்னு பதில்."

பொன்னையா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருடமாக இது தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது. நாகலெட்சுமிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். வருடத்துக்கு ஒரு தடவை, "ஒருக்கா போய்ப் பதிஞ்சுட்டு வருவோமா?" என்று அவள் கேட்பதும், "மாரியம்மனுக்குத் தெரியும், கவர்மெண்டுக்கு எதுக்கு?" என்று இவன் தட்டிக் கழிப்பதும் வழக்கம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது அவன் வகையாக மாட்டிக்கொண்டான். கைநாட்டு வைத்தால் பெண்டாட்டி போய்விடுவாள். வைக்காவிட்டால் மகளின் தாளில் அந்த 'இல்லை' அப்படியே நிற்கும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், போவது என்று முடிவு செய்தான். அவளுக்குப் பத்து வருடமாகப் பட்ட கடனை இப்படியாவது தீர்ப்போம், அப்புறம் விதி விட்ட வழி என்று தேற்றிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலவாக்கலையில் விவாகப் பதிவுகாரர் சின்னராசாவின் வீட்டு முன்னறை. சாட்சிக்கு மஃறூப் முதலாளி வந்திருந்தார். இன்னொரு சாட்சியாக ஹட்டனிலிருந்து கணேசமூர்த்தியே ரயில் ஏறி வந்துவிட்டார். ரொட்டி கொண்டு வந்திருக்கிறார்களா என்று அவர் ஒருமுறை பையைப் பார்த்துக்கொண்டார்.

நாகலெட்சுமி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு நின்றாள். தீர்க்க வந்தவளுக்கு எதற்கு இவ்வளவு பூ என்று பொன்னையா நினைத்தான்.

"நாகலெட்சுமிய மனசாரப் பெண்சாதியா ஏத்துக்கிறியா?" என்று கேட்டார் சின்னராசா.

"ஏத்துக்கிறேங்க."

மை தடவினார்கள். பெருவிரலை அழுத்தி வைத்தான். அவளும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

"ஐயா, நாங்க பொய் சொல்லிட்டோங்க" என்று பதிவுகாரரைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டான். "தீர்க்கிறதுக்காகத்தான் பதிய வந்தோம். இப்ப எனக்குத் தீர்க்க வேணாங்க. நாகு, ஆட்ட வித்து உனக்கு ரெண்டு கம்பளி வாங்கித் தாரேன். நீ செஞ்சதுக்கெல்லாம் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லாத பாவி நான். நீ இல்லைன்னா என் குழி மேல எப்பவோ புல்லு மொளச்சிருக்கும். என்ன விட்டுட்டுப் போயிராத புள்ள!"

மஃறூப் முதலாளி தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நாகலெட்சுமி அவனுடைய பெருவிரலைப் பிடித்து, கல்யாணச் சேலை என்றும் பார்க்காமல், முந்தானையால் மையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சின்னராசா ஒன்றும் புரியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தீர்க்கவா? இந்தப் புள்ள ரெண்டு மாசத்துக்கு முந்தியே வந்து, 'நோட்டீஸ எழுதி வையுங்கய்யா, எங்க வீட்டுக்காரரு எப்படியும் கூடிய சீக்கிரம் ஏதாச்சும் கோணங்கித்தனம் பண்ணுவாரு, அதச் சாக்கா வச்சு ஒரு சண்டையப் போட்டு இழுத்துக்கிட்டு வந்துர்றேன்'னு சொல்லிட்டுல்ல போனுச்சு!"