உயிரோடிருந்த ஜெர்மன்காரருக்கு ஒரு மாலை

"சத்தம் போடாதீங்க" என்று யாரிடமும் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் கிடையாது. பக்கத்து வீட்டு மிக்சி அலறினாலும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு தெருவையே அமைதியாக இருக்கச் சொன்னேன். அதன் விளைவாக, உயிரோடு உட்கார்ந்திருந்த ஒரு ஜெர்மன்காரரின் கழுத்தில் சாவு மாலை விழுந்தது.

எழுபதுகளின் ஆரம்பம். அரக்கோணத்திலிருந்து வந்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். ராயபுரத்தில் கடலை ஒட்டிய மீனவர் தெருவில், ரோசம்மா அக்கா வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருந்தேன். (இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற மிதப்பில் தெருவில் ஒருவரிடமும் பேசமாட்டேன். யாரும் என்னிடம் பேசவில்லையே என்று தலையணையில் முகம் புதைத்து அழுவேன். இரண்டும் ஒரே ஆள்தான்.) ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. யாராவது எட்டிப் பார்க்க மாட்டார்களா என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன். கோழி வரும்.

அந்த வீட்டு மாடி அறைக்குத்தான் ஹைன்ஸ் வந்து சேர்ந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரர். மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய கப்பல் கிளம்பிவிட்டது. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை எங்கள் ஆபீஸ் அவரை இங்கே தங்க வைத்தது. சமையல் வயிற்றுப்பாட்டுக்கு, உண்மையில் அவர் பாட்டுக்காரர். அவருடைய ஊரில் நிலவறைச் சாராயக் கடைகளில், கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக, ஜெர்மன் நாட்டுப்பாட்டையும் அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டையும் (ப்ளூஸ் என்பார்) கலந்து பாடுவாராம். எத்தனை பேர் கேட்க வருவார்கள் என்று கேட்டேன். "மழை பெய்தால் கொஞ்சம் பேர் ஒதுங்குவார்கள்" என்றார்.

தெருவில் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை. உளவாளி என்றார்கள், பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர் என்றார்கள். அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. கிட்டாரில் ஒரு கம்பியை வேண்டுமென்றே கழற்றி வைத்திருந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் பாடுவார். கேட்பவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தோன்றுகிறதாம். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெகுநேரம் சும்மா இருப்பார். தண்டவாளத்தோடு திருவொற்றியூர்வரை நடந்துபோய், கூட்ஸ் வண்டிக்கு எசப்பாட்டு பாடிவிட்டு வருவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நிஜத்தைச் சொன்னால், அந்த ஊரில் எனக்கு 'குட் ஈவினிங்' சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

திங்கட்கிழமைக்குக் கப்பல் கிடைத்தது. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய ஊரில் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி, ஒரு பாட்டை டேப்பில் பதிந்து கொண்டுவந்தால் கேட்டுப் பார்க்கிறோம் என்றிருக்கிறது. டேப் ரிக்கார்டர் கையில் இருந்தது. கடல் தண்ணீர் பட்டு மற்ற டேப்பெல்லாம் பாழாகி, ஒன்றே ஒன்று மிச்சம். கப்பலில் எஞ்சின் சத்தம், இங்கே தெருச் சத்தம். "அரை மணி நேர அமைதி போதும். கிடைக்காவிட்டால் சாகும்வரை நான் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டியதுதான்" என்றார். என்னிடம் விடுங்கள் என்றேன்.

ஞாயிறு மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். (அந்தத் தெருவில் ரேடியோவை நிறுத்தச் சொல்வதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்பது அரக்கோணத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?) முதலில் டீக்கடை மாணிக்கம். குரலைத் தாழ்த்தி, "மேல் ரூம்ல ஜெர்மன்காரர் இருக்காரில்ல... கொஞ்ச நேரம் ரேடியோவ நிறுத்தணும்" என்றேன்.

மாணிக்கம் என்னையே பார்த்தார். ரேடியோவை அணைத்தார். கடைப் பலகையில் பாதியைச் சாத்தினார். "காமாலை பொல்லாதது சார்" என்றார்.

"ஆமாங்க, ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு."

"ஐஸு சொல்லட்டா? மீன் கம்பெனில நம்ம ஆளு கீறான்."

வெயிலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, "வேணாங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவோம்" என்றேன்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்கள். படகுக்கு ஆணி அடித்தவர் சுத்தியலைக் கீழே வைத்தார். ரோசம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். இசைக்கு இத்தனை மரியாதையா என்று நான் பூரித்துப்போனேன்.

மாடியில் ஹைன்ஸ் நாற்காலியில், சுவரைப் பார்த்து. டேப் சுழன்றது. பாட்டின் அர்த்தத்தை முன்பே சொல்லியிருந்தார்: ஊர் ஊராக அறை எடுத்துத் தங்குகிறேன், எந்த ஊரிலும் என் கதவை யாரும் தட்டியதில்லை. அவ்வளவுதான், அதையே திரும்பத் திரும்பப் பாடுவார். வெளியே அலைச்சத்தம் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அது என் பின்கட்டு அறையைப் பற்றிய பாட்டாகவே பட்டது. கண் கலங்கிவிட்டது. (ஹைன்ஸின் பாட்டு கீழே வெறும் முனகலாகத்தான் கேட்டதாம். நான்தான் அழுகிறேன் என்று நினைத்தார்களாம்.) ஒரு அடியை முடித்துவிட்டு ஹைன்ஸ் தலையைத் தொங்கப்போட்டார்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

ரோசம்மா அக்கா ரோஜா மாலையோடு உள்ளே வந்தார். பின்னால் அவர் மகள் ஸ்டெல்லா மெழுகுவத்தியோடு. அவள் பின்னால் மாணிக்கம். படி நெடுகத் தெரு. வாசலில் சாவு மேளத்துக்காரர்கள் வைக்கோல் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சும் புகை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலியில் தலை தொங்கிய ஒரு முதுகு. (உட்கார வைத்து மாலை போடுவது அங்கே சில வீடுகளில் வழக்கம்.) அக்கா பின்னாலிருந்தே மாலையைப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"கப்பலேறி வந்த ராசா, கரையிலயே நின்னுட்டியே..."

பெண்கள் வாங்கிப் பாடினார்கள். நான் டேப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க, ரிக்கார்டு ஓடுது" என்று கத்தினேன்.

பிணம் திரும்பிப் பார்த்தது.

மாணிக்கம் படியில் பின்பக்கமாக உருண்டார், பாதித் தெருவையும் கூட்டிக்கொண்டு. ஸ்டெல்லா மெழுகுவத்தியை என் வெள்ளைச் சட்டைமேல் போட்டாள்.

"அடப்பாவி, உசுரோட கீற மன்சனுக்கு மாலை போட வெச்சிட்டியே" என்றார் அக்கா.

"செத்துட்டாருன்னு நான் சொல்லவே இல்லியேக்கா."

"அப்பறம் இன்னாத்துக்குடா ரேடியோவ நிறுத்த சொன்ன?"

ஹைன்ஸ் மாலையைத் தடவிப் பார்த்தார். இவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று கேட்டார். உங்களுக்காக என்றேன்.

"எல்லோருமா?"

"எல்லோரும்."

மனிதர் உடைந்து, தேம்பித் தேம்பி அழுதார். அக்கா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தை முந்தானையால் துடைத்தார். "அய்ய, அழுவாத. சாப்ட்டியா நீ?" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவராகவே, இல்லை என்று தலையாட்டினார்.

டேப் தன்பாட்டுக்கு ஓடி முடிந்திருந்தது. மறுநாள் மாலையைக் கழற்றாமலே கப்பல் ஏறினார். ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நான் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது, உள்ளே ஹைன்ஸின் இசைத்தட்டு. கதவு தட்டும்வரை பாட்டு. அதன்பின் ஒப்பாரி, மாணிக்கம் உருள்வது, நான் கத்துவது, ரோசம்மா அக்காவின் "சாப்ட்டியா" எல்லாம் அப்படியே இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜெர்மன் இளைஞன் விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தான். அந்தத் தட்டைத் தேடி அலையும் சின்னக் கூட்டம் ஒன்று அங்கே உண்டாம். மெட்ராஸில் தன் சாவைத் தானே நடத்திப் பதிவு செய்த கிறுக்கர் என்றுதான் ஹைன்ஸுக்குப் பேராம். கிறுக்கு அவரில்லை, நான்தான் என்றேன். நம்பவில்லை. அவர் நிஜமாகவே இறந்தபோது எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன்.

"கொஞ்சம் பேர். அன்றைக்கு மழை" என்றான்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு தெரு என்னைச் 'சாவுகிராக்கி' என்று கூப்பிட ஆரம்பித்தது. முதல்முறையாக எனக்கு அங்கே ஒரு பெயர் கிடைத்தது. சட்டையில் மெழுகு கொட்டியவளையே கட்டிக்கொண்டேன். வீட்டில் நான் சற்றே சும்மா இருந்தால் போதும், ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து "யாரு பூட்டாங்க?" என்று துக்கம் விசாரிப்பாள். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது ஸ்டெல்லா இல்லை. கதவைத் திறந்து வைத்தால் கோழிகூட வருவதில்லை. பெங்களூரிலிருந்து மகள் போன் செய்கிறாள்.

"இன்னாப்பா, வூடு இவ்ளோ அமைதியா கீது? யாரு பூட்டாங்க?" அச்சாக அவள் அம்மாவின் குரல்.

"நான் இல்லம்மா" என்பேன்.

"ரேடியோவ போடுப்பா. யாராச்சும் மாலையோட வந்துடப் போறாங்க."

போடுகிறேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி.