எட்டுப் பல்கலைக்கழகங்களும் ஒரு லிஃப்டும்

மனித அறிவின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள், எங்கள் ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் பராமரிப்பு அறைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். அங்கேதான் லிஃப்ட் மெக்கானிக்கான என் அத்தான் எட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் இணையத்தில். எல்லாம் இலவசம். அதே அறையில் நான் குமாஸ்தா என்பதால், உயர்கல்வியின் காற்று என் மேலும் கொஞ்சம் அடித்தது.

முதலில் சேர்ந்தது 'மகிழ்ச்சியின் அறிவியல்' ஒன்றில்தான். "இதில் சேர்ந்தவர்கள் இவற்றிலும் சேர்ந்தார்கள்" என்று திரை வேறு ஏழு பாடங்களைக் காட்டியது. அத்தான் தாட்சண்யம் உள்ளவர். கருந்துளைகள், பண்டைய நாகரிகங்கள், திமிங்கிலங்களின் மொழி என்று எதன் மனதையும் புண்படுத்தாமல் எல்லாவற்றிலும் சேர்ந்தார். நேரம் போதாததால் பேராசிரியர்களை இரண்டு மடங்கு வேகத்தில் பேசவிட்டார். நாளடைவில் சாதாரண வேகத்தில் பேசும் மனிதர்களை அவரால் சகிக்க முடியவில்லை. அக்கா வாயைத் திறந்தால், "சுருக்கத்தை மட்டும் சொல்லு" என்பார். 'குடும்ப உறவில் உரையாடல்' பாடத்தில் அவர் முதல் வகுப்பு என்பதைப் பதிவு செய்வது என் கடமை.

இதற்கிடையே லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் முனகத் தொடங்கியது. புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை எழுதிக் காட்டினேன்.

"அசல் திமிங்கிலம் மாதிரியே முனகுது, கவனிச்சியா மாப்ள?" என்று வியந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு முனகல் நின்றது. லிஃப்டும் நின்றது. எங்கள் அறையில் அபாய மணி அலறியது.

"அத்தான், மணி!"

"காது கேக்குது. பரீட்சை நடக்குது. நடுவுல எழுந்தா மொத்தமும் போயிடும்."

"என்ன பரீட்சை?"

"அவசரகால மீட்பு. பேசாம இரு. 'மூடிய இடத்தில் ஒருவர் சிக்கிக்கொண்டால் முதலில் என்ன செய்வீர்கள்?'"

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. ஐந்தாம் மாடியில் மேலாளருக்கு டைப்பிஸ்டாக இருக்கும் அக்கா. அத்தான் அழைப்பைத் துண்டித்துவிட்டு, 'உடனே அவருடன் பேசி நம்பிக்கையூட்டுவேன்' என்ற பதிலைத் தேர்ந்தெடுத்தார். சரியான விடை.

நான் மூன்றாம் மாடிக்கு ஓடினேன்.

"அக்கா! நீயா உள்ளே?"

"நான்தான்டா! மூச்சு முட்டுது. விளக்கும் அணைஞ்சிடுச்சு. அவர் எங்கே?"

"பரீட்சை எழுதறார்."

"என்ன பரீட்சை?"

"ஆபத்துல சிக்கினவங்களை மீட்கற பரீட்சை."

 அதன்பிறகு உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் மட்டும், கட்டடமே கேட்கும்படி விடாமல் கேட்டது.

லிஃப்ட் சாவி அத்தான் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. குமாஸ்தா அதைத் தொட விதி இல்லை. நான் விதிகளை மதிப்பவன். நாற்பதாவது நிமிடம், கூட்டிப் பெருக்கும் அம்மா விளக்குமாற்றை வைத்துவிட்டு வந்து, சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். முன்பெல்லாம் லிஃப்டைப் பழுதுபார்க்கும்போது அத்தானுக்கு டார்ச் பிடித்தவர் அவர்தான். மின்சாரத்தை நிறுத்தினார், சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார், கதவைத் திறந்தார். வியர்வையில் புடவை நனைந்துபோய் வெளியே வந்த அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ்!" என்று கீழேயிருந்து அத்தானின் குரல் கேட்டது. இருபதுக்குப் பத்தொன்பது.

மறுநாள் மேலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"சான்றிதழ் இல்லாத ஒருத்தர் இயந்திரத்தைத் தொட்டிருக்காங்க. மீட்புப் பணியில இங்கே யாருக்குச் சான்றிதழ் இருக்கு?"

அத்தான் அடக்கமாகப் போனை மேசைமேல் வைத்தார். அந்த நிமிடமே விசாரணை அதிகாரி ஆனார்.

"கதவு திறந்துச்சுல்ல சார்?" என்றார் பெருக்கும் அம்மா.

"திறந்தது பிரச்சினை இல்லம்மா. எந்தக் கோட்பாட்டின்படி திறந்தீங்க?" என்றார் அத்தான்.

அந்த அம்மாவிடம் கோட்பாடு இல்லை. குற்றம் நிரூபணமாயிற்று. விளக்கம் கேட்கும் குறிப்பாணையை அத்தான் கணீரென்று சொல்லச் சொல்ல, அக்கா தலை நிமிராமல் தட்டினாள். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. மேலாளர் அலுவலக மரபுப்படி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அக்காவே அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். பெருக்கும் அம்மாவைத் தாண்டிப் போய், அத்தானின் கையில் கொடுத்தாள்.

எட்டுப் பல்கலைக்கழகங்களில் பயின்ற அந்த மனிதர் அன்று முதன்முறையாக ஒரே ஒரு தாளை, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்:

"லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு. நேற்று உங்கள் மனைவி நாற்பது நிமிடம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உங்கள் காதில் விழுந்தது. ஏன் எழுந்திருக்கவில்லை?"