நூற்றித் தொண்ணூறு ராத்தல்

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரமாகக் கட்டிலில் கிடக்கும் ராமாமிர்தத்தம்மாள், எடை நூற்றித் தொண்ணூறு ராத்தல். அவளைத் தூக்கப் போய்த் தன் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நிற்கும் மகள் ஞானாம்பாள். கடலூர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு விழிக்கும் மருமகன் தில்லைநாதன். கடலூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அவனுடைய சிநேகிதன் முஹம்மது இஸ்மாயில். மோர் ஊற்ற வந்து, போகாமல் நிற்கும் சின்னம்மாள். இவர்களைத் தவிர, தரை முழுக்க அரிசி.

கிணற்று ராட்டினத்தை உத்தரத்தில் கட்டி, மாமியாருக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது. மாமியாரை உட்கார வைப்பதற்காகப் போட்டிருந்த நாற்காலியின் மேல் மூட்டை விழுந்தது. நாற்காலி விறகாயிற்று.

"நல்லவேள மச்சான், மொதல்ல மூட்டையத் தூக்கினோம்," என்றான் இஸ்மாயில்.

"வாய மூடுடா."

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதுகில் புண் கிளம்பிவிட்டது. தினம் இரண்டு வேளை தூக்கி உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு கூடுவதற்குள் ஆள் போய்விடுவாள். அதோடு நிறுத்தாமல் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் காட்டிவிட்டார். அதில் ஓர் இரும்புக் கை, அதன் முனையில் ஒரு துணித்தொட்டில், தொட்டிலில் சிரித்தபடி ஒரு வெள்ளைக்காரி. அன்றிலிருந்து தில்லைநாதன் வேறு எதையும் நினைக்கவில்லை. மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டான். லைசென்சு வாங்கி, கப்பலில் வர எட்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

அவனே தூக்கலாமே என்றால், மாமியாரை மருமகன் தொடுவது அந்த வீட்டில் நடக்காத காரியம். தொடுவது இருக்கட்டும், பதினான்கு வருஷத்தில் அவள் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதை யாரிடமாவது சொல்வாள். ஆள் இல்லாவிட்டால் சுவரிடம்.

தெரு ஆண்களைக் கூப்பிட்டும் பார்த்தாயிற்று. அடுத்த வீட்டு சுப்பிரமணியனுக்கு முதுகுப் பிடிப்பு. எதிர் வீட்டுக்காரருக்குக் கோர்ட்டில் வாய்தா. கோடி வீட்டுக்காரர் இன்றைக்கு அஷ்டமி என்றார். மறுநாள் போனபோது நவமி என்றார்.

"ஞானம்," என்றாள் மாமியார், "மாப்பிள்ளகிட்ட சொல்லு. இந்த ராட்டினம், மிசினு எல்லாம் வாணாம். நான் ஒண்ணு சொல்றேன்..."

"உங்கம்மாவச் சித்த சும்மா இருக்கச் சொல்லு. எனக்கே தல சுத்துது."

இஸ்மாயில் தொண்டையைச் செருமினான். "என் பட்டறை செயின் பிளாக்க நேத்தே ரயில்ல போட்டுட்டேன் மச்சான். லாரி இன்ஜினையே தூக்குது. அம்மா என்ன, இன்ஜினவிட ஜாஸ்தியா?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"உத்தரம் தாங்குமாடா?"

இஸ்மாயில் பெஞ்சின் மேல் ஏறி உத்தரத்தைத் தட்டினான். கரையான் மண் பொலபொலவென்று அவன் வாயில் கொட்டியது. துப்பிவிட்டுச் சொன்னான்: "வாணாம். மூங்கில்ல முக்காலி கட்டி அதுல மாட்டிக்கலாம்."

"ஆள எதுல வச்சித் தூக்கறது?"

"தார்பாய் கொண்டாந்திருக்கேன்."

பிரித்துப் போட்டான். அதில் கடைசியாக ஏற்றியது கருவாடு. சின்னம்மாள் மோர்ப்பானையை மூடினாள். ராமாமிர்தத்தம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பொண்ணையும் குடுத்துட்டு, நான் கருவாடாவும் ஆவணுமா செவுரே?"

ஆகவே கடைக்குப் போனார்கள். பத்து மணிக்கு ஒரு கைவண்டி வந்து மூன்று மூங்கில், ஒரு கட்டுக் கயிறு, எட்டு கெஜம் புது வெள்ளைத் துணி எல்லாவற்றையும் வாசலில் இறக்கியது. பிறகு தில்லைநாதனும் இஸ்மாயிலும் செயின் பிளாக்கை எடுத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். ஞானாம்பாள் இடுப்புக்குப் பிளாஸ்திரி போட்டுக்கொள்ளக் கம்பவுண்டர் வீட்டுக்குப் போனாள்.

"சின்னம்மா, அம்மாவப் பாத்துக்க. அர மணியில வந்துர்றோம்," என்றான் தில்லைநாதன்.

"போய்ட்டு வாங்க. நான் எங்க போவப்போறேன்?"

ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார். சங்கிலியின் ஒரு பக்கம் இவனும் மறுபக்கம் அவனுமாகச் சுமந்துகொண்டு தெருமுனை திரும்பியபோது சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

"யாரு வூட்ல மச்சான்?"

தில்லைநாதன் வீட்டில்தான். வாசல் கொள்ளாத கூட்டம். அவன் கை நழுவ, செயின் பிளாக் இஸ்மாயிலின் காலில் விழுந்தது. அவன் போட்ட அலறலைக் கேட்டு ஒரு பெரியவர் முதுகைத் தடவி, "மனசத் தேத்திக்க தம்பி," என்றார்.

உள்ளே பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். ஞானாம்பாள் இன்னும் கம்பவுண்டர் வீட்டிலிருந்து திரும்பவில்லை. கட்டிலின் மூன்று மூலையிலும் மூன்று ஆண்கள் விரிப்பைப் பிடித்து நின்றார்கள். முதுகுப் பிடிப்பு, வாய்தா, அஷ்டமி. பக்கத்தில் சுப்பிரமணியன் வீட்டுக் கை வைத்த நாற்காலி.

"மருமவன் வந்தாச்சி," என்றார் சுப்பிரமணியன். "தில்ல, அந்த முனையப் புடி. ஒக்கார வச்சித்தான் குளிப்பாட்டணும்."

தில்லைநாதன் பிடித்தான். அவனுக்குக் கண் தெரியவில்லை. மிஷின் மிஷின் என்று அலைந்தே கொன்றுவிட்டோம் என்று நினைத்தான். ஒரே தூக்கு. நூற்றித் தொண்ணூறு ராத்தலும் ஒரு குலுக்கல் இல்லாமல் எழும்பி, நாற்காலியில் போய் உட்கார்ந்தது.

"அப்பாடா," என்றது பிணம். "சின்னம்மா, முதுகுக்கு ஒரு தலகாணி வைடி."

சங்கு ஊதுபவன் முதலில் ஓடினான். மற்றவர்கள் அவன் மேல் ஏறி ஓடினார்கள். முதுகுப் பிடிப்புக்காரர் எல்லோரையும் முந்தித் தெருவில் நின்று கத்தினார்: "மூங்கிலு, கயிறு, கோடித்துணி எல்லாத்தயும் வாசல்ல போட்டா, மனுசன் வேற என்னாய்யா நெனைப்பான்?"

இஸ்மாயில் வாசல்படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தில்லைநாதன் சின்னம்மாளைப் பிடித்துக்கொண்டான்.

"மூங்கிலப் பாத்துட்டு வந்தவங்ககிட்ட, உசுரோடதான் இருக்காங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒன்ன எதுக்கு விட்டுட்டுப் போனேன்?"

"நான் எப்பிடிங்க சொல்றது? தெருவுல போயி அழுவச் சொன்னதே அம்மாதான்."

"என்னா?"

"'ஆறு வாரமா தூக்க வராதவனுங்க, நான் செத்தா அஞ்சு நிமிசத்துல வருவானுங்க. மாப்பிள்ளைக்கு மிசினு வர்றதுக்குள்ள நெசமாவே போயிடுவேன், ஒரு தடவ செத்துப் பாக்கறேன்'னாங்க. உங்ககிட்ட இத நேரா சொல்ல முடியாதில்ல?"

நாற்காலியில் மாமியார் சுவரைப் பார்த்தபடி மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

தில்லைநாதன் மோர்ப்பானையை எடுத்துச் சின்னம்மாள் தலையில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனான். படி தாண்டியதும் அவள் திரும்பினாள்.

"சாயங்காலம் திரும்பத் தூக்கிப் படுக்க வைக்கணுமேங்க. அம்மா எத்தன மணிக்கு சாவறாங்கன்னு கேட்டு வைங்க, நான் வந்து அழுவணும்."

அவன் கதவைச் சாத்திப் பூட்டினான்.