புலிக்கு ஏழு வேட்டி

ஒரு காட்டில், சித்திரை முதல் நாள் காலை ஆறு மணிக்கு, முப்பத்தேழு விலங்குகள் ஒரு நாவல் மரத்தடியில் வரிசையில் நின்றன. பதினாலாவதாக நின்ற புள்ளிமானின் பெயர் வடிவு.

மரத்தில் ஒரு தையல்சிட்டு கடை விரித்திருந்தது. முன்பு அது நகரத்தில், ஒரு ஜவுளிக்கடை வாசலில் இருந்த மரத்தில் ஒரு பருவம் கூடு கட்டிக் குடியிருந்தது. உடை ஆலோசகராக அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது. வசந்தம் வந்துவிட்டது என்று காட்டுக்கு அறிவித்ததும் சிட்டுதான். அதுவரை அங்கே வெயில், கொடும் வெயில், மழை என்று மூன்றே பருவங்கள். குட்டைகள் எல்லாம் வற்றி ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. புல் காய்ந்து காலில் குத்தியது. இதற்குப் பெயர்தான் வசந்தம் என்று தெரிந்ததும், உடுத்திக்கொள்ள ஒன்றுமில்லையே என்ற கவலை எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

“வாங்கிக் குவிக்காதீங்க,” என்றது சிட்டு. “கொஞ்சமா எடுங்க. எதை எதோட போட்டாலும் பொருந்தணும். அன்றாட வாழ்க்கைக்கு உதவணும். அதனால எல்லாருக்கும் ஒரே கேள்விதான். உங்க அன்றாட வாழ்க்கை என்ன?”

கூலி, கூட்டுக்குள் விரிக்க ஒரு பிடி முடி.

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. கேட்டதும் கூச்சம் வந்துவிட்டது. கழுதைப்புலி, தான் காலையில் பூப்பறிப்பதாகச் சொல்லி வெளிர்நீலச் சட்டை வாங்கிப் போனது. ஆந்தை, விடிந்ததும் எழுந்து நடைப்பயிற்சி செய்வதாகச் சொன்னது.

வடிவின் அக்கா பேச்சி வரிசையில் நிற்கவில்லை. பக்கத்தில் மேய்ந்துகொண்டே தங்கையைக் கிண்டல் செய்தது. பேச்சிக்கு மெல்லும்போது பேசாமல் இருக்க வராது.

“உடம்பு பூரா புள்ளி போட்டுத்தானேடி பெத்துப் போட்டிருக்கா அம்மா? புதருக்குள்ள நின்னா நம்ம நிழலுக்கே நம்மளத் தெரியாது. இதுக்கு மேல என்ன டிசைன் வேணும் உனக்கு?”

“எல்லாரும் எடுக்கிறாங்கக்கா.”

“எல்லாரும் எடுத்தா? ஆமை முதுகுல வீட்டையே கட்டியிருக்கு. அதுவும்தான் நிக்குது.”

அப்போது புலி வந்தது. அது வரிசையில் நிற்கவில்லை. அது வந்ததும் வரிசை தானாகப் பின்னால் நகர்ந்துகொண்டது. எப்படியோ வடிவு அதற்கு அடுத்த இடத்தில் போய் நின்றுவிட்டது.

“உங்க அன்றாட வாழ்க்கைங்கய்யா?” என்று சிட்டு கேட்டது.

புலி தொண்டையைச் செருமியது. “சாயங்காலம் நாலு பேரைப் பார்ப்பேன். சுகம் விசாரிப்பேன். குறை இருந்தால் கேட்பேன்.”

“அப்போ வெள்ளை வேட்டிதான். நாலு காலுக்கு எட்டு முழம் பத்தாது, பதினாறா தச்சிடறேன். ஒண்ணுதாங்கய்யா, கறை பட்டா போகாது.”

“கறை படுகிற வேலை எதுவும் நான் செய்வதில்லை,” என்றது புலி.

வரிசை முழுவதும் தரையைப் பார்த்தது.

அடுத்து வடிவின் முறை. காது தூக்கி நிற்பதும், புலி வந்தால் ஓடுவதும்தான் அதன் அன்றாட வாழ்க்கை. அதைச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தது. ஆனால் புலி பக்கத்தில் நின்று இடுப்பளவு கொடுத்துக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

“சாயங்காலம் குட்டைக்கரையில உலாத்துவேன்,” என்றது வடிவு.

உலாவுக்கு ஏற்ற மஞ்சள் குர்த்தி ஒன்று, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் மாற்றிப் போடக்கூடிய லெகின்ஸ், நாலு செருப்பு. அன்று மாலையே வடிவு உலாத்தப் போனது. மான்கள் காலையில் கூட்டமாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதுதான் வழக்கம். மாலையில் தனியாக எந்த மானும் போனதில்லை. ஆனால் குர்த்தி தைத்தாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு புதருக்குள் நிற்க முடியாது.

குட்டைக்கரையில் புலி உட்கார்ந்திருந்தது. கஞ்சி போட்ட வேட்டி. யாரும் குறை சொல்ல வந்திருக்கவில்லை.

ஓடலாம் என்று வடிவு முன்காலை எடுத்தது. லெகின்ஸ் இழுத்தது. இரண்டு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டன.

“என்னம்மா, உலாவா?” என்றது புலி.

“ஆமாங்கய்யா. பழக்கம்.”

“நல்ல பழக்கம்.”

புலியின் வயிறு நீளமாக உறுமியது.

“பசிக்குதுங்களாய்யா?” என்று கேட்டுவிட்டு வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டது.

“சேச்சே. பொழுது சாய்ந்தால் நான் பச்சைத் தண்ணீரோடு சரி.” நகங்கள் வெளியே வந்தன. புலி குனிந்து வேட்டியைப் பார்த்தது. மறுபடி மானைப் பார்த்தது. நகங்கள் உள்ளே போயின. “இந்த மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்கும்மா.”

“உங்க வேட்டியும் பளிச்சுன்னு இருக்குங்கய்யா.”

“இருக்கும். அதுதான் தொல்லை.”

வெயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு புலி விடைபெற்றது. போகும் வழியில் சேறு. வேட்டியின் கரையைப் பல்லில் தூக்கிப் பிடித்துக்கொண்டு புலி அதைக் கடந்தது. வாய் நிறையத் துணியோடு அது வடிவை உரசிக்கொண்டு போனபோது, வடிவு மூச்சு விடவில்லை.

மறுநாள் வேட்டியைத் துவைத்து, வீட்டு வாசல் புதரில் காயப்போட்டிருந்தது புலி. அந்தப் பக்கம் மேய வந்த பேச்சிக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

“கஞ்சிய பாரு, நீலத்த பாரு! மாப்பிள்ளை பொண்ணு பார்க்கப் போறாரு போல. பதினாறு முழமாம்ல...”

அது நின்ற இடத்தில் புள்ளிகள் கச்சிதமாக வேலை செய்தன. ஒரு காதுகூட வெளியே தெரியவில்லை. குரல் மட்டும்தான் கேட்டது. வேட்டியில்லாமல் புதருக்குப் பின்னால் படுத்திருந்த புலிக்கு அது போதும்.

மந்தை இரண்டு நாள் அழுதது. மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தது. புள்ளியோடு இருந்தவள் போனாள், மஞ்சள் குர்த்தி போட்டவள் பிழைத்தாள். எல்லா மான்களும் முடியைக் கொடுத்து மஞ்சள் குர்த்தி வாங்கின. முதுகில் விழுந்த வழுக்கையைக் குர்த்தி மறைத்தது.

வடிவு மட்டும் வாங்கவில்லை. அன்று குட்டைக்கரையில் நகங்கள் உள்ளே போனபோது புலி முதலில் குனிந்து எதைப் பார்த்தது என்று அதற்குத் தெரியும். வாலில் மிச்சமிருந்த முடியைக் கொண்டுபோய்ச் சிட்டிடம் கொடுத்தது.

“பெரியவருக்கு இன்னும் ஆறு வேட்டி தச்சுக் குடு.”

“உனக்கு?”

“எனக்குத்தான் கேக்கறேன்.”

ஆறு வேட்டிகளை வாங்கிக்கொண்ட புலிக்குக் கண் கலங்கியது. எனக்கென்று யாரும் இதுவரை எதுவும் கொண்டுவந்ததில்லை, எல்லோரும் ஓடித்தான் பார்த்திருக்கிறேன் என்றது. அதன் பிறகு வேட்டியில்லாத நாளே அதற்கு வாய்க்கவில்லை. ஒன்று காய்வதற்குள் இன்னொன்று மடித்துத் தயாராக இருக்கும். சிந்தாமல் விழுங்கக்கூடிய தவளைகளைத் தின்று புலி இளைத்தது. மாலையில் நாலு பேர் உண்மையாகவே குறை சொல்ல வந்தார்கள். மான்கள் நிதானமாகத் தண்ணீர் குடித்தன. வாலில் முடியில்லாத வடிவை மந்தை கேலி செய்தது. வடிவு தினமும் குட்டைக்குப் போகும் முன், வேட்டி கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டது.

ஆடி பதினெட்டாம் நாள் காலை, தையல்சிட்டு மழைக்கால உடைகளை அறிமுகப்படுத்தியது. முதலில் வந்தது புலி. கறை தெரியாத கறுப்பு வேண்டும் என்றது. அளவு பழையதே இருக்கட்டும், இனி உடம்பு தேறிவிடும் என்றது.

நீதி: மானின் அன்றாட வாழ்க்கைக்கு மிகவும் ஏற்ற உடை, புலி கட்டியிருக்கும் வெள்ளை வேட்டி.