ஜமீன் மயங்கிக் கிடந்த ஒன்றேகால் மணி நேரம்

நாரணாபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை செந்தூர்பாண்டி அவர்களுக்கு,

அத்தான் அய்யாதுரை எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். உங்கள் அக்கா செல்லக்கனி நலம். போன மாதம் காயில் கம்பி மாற்றிய தண்ணீர் மோட்டாரும் நலம். அவ்விடம் பெங்களூரில் நீங்களும் தங்கச்சியும், மகன் மகேஷ்குமாரும், மருமகள் ஆர்த்தியும், புதிதாக வந்திருக்கும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரிசையில் ஜமீன் பெயரைக் காணோமே என்று நீங்கள் மறுபடி முதல் வரிக்குப் போவீர்கள், எனக்குத் தெரியும். போக வேண்டாம். உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் நாய் உயிரோடு இருக்கிறது. வயிற்றில் பதினொரு தையலோடு இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் "ஹலோ" என்பதற்குள் உங்கள் அக்கா போனைப் பிடுங்கி, நடந்ததில் பாதியையும் நடக்காததில் மீதியையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிடுவாள். பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எது நடந்தாலும் எழுத்தில் கொடுத்துப் பழகிய கை இது. அந்த முப்பத்தொரு வருஷத்தில் என் ஷெட்டில் ஒருத்தர் விரல்கூடப் பொசுங்கியது கிடையாது. அப்பேர்ப்பட்டவனிடம் ஒரு நாயை ஒப்படைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக ரயில் ஏறினீர்கள். அந்த நாய் எனக்குச் செய்த காரியத்தைக் கேளுங்கள். கேட்ட பிறகு, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் புறப்பட்டு வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வியாழக்கிழமை காலையில் ஜமீன் வாந்தி எடுத்தது. சரி, புல்லைத் தின்றிருக்கும் என்று விட்டேன். மத்தியானமும் எடுத்தது. வெள்ளிக்கிழமை தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பட்டியலைத் தாண்டி ஒரு பருக்கை நான் போட்டதில்லை. தெருவில் எவனோ எதையோ தின்று எறிந்திருக்கிறான், ஜமீன் அதை முழுங்கியிருக்கிறது. ராஜபாளையம் நாய், ராஜபாளையம் நாய் என்று பெருமை பேசுவீகளே, அந்த வம்சத்துக்குத் தெருவில் கிடப்பதைத் தின்னக் கூடாதென்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா? உடனே சங்கிலிமுத்து காரை வரச்சொல்லி விருதுநகருக்குக் கிளம்பினோம். கிளம்பும்போது பார்த்தால் உங்க அக்கா நைலான் சேலையில் நிற்கிறாள். ஆபரேஷன் ரூமில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், நைலான் உரசினால் பொறி வரும், போய்க் காட்டன் சேலை கட்டிட்டு வா என்றேன். நாய் வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடக்கு, இவரு சேலைக்கு ரூல்ஸ் பேசுதாரு என்று அவள் சங்கிலிமுத்துவிடம் முறையிட்டாள். ஆனாலும் மாற்றிக்கொண்டு, நாய்க்கு விரிக்க ஆகுமென்று நைலானைச் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அதில் கால் மணி நேரம் போச்சு.

சூலக்கரை போகிற ரோட்டில் டாக்டர் பிரீத்தி என்று ஒரு அம்மா ஆஸ்பத்திரி வைத்திருக்காங்க. வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, குடலில் ஏதோ கட்டையாக அடைத்திருக்கு, இன்றைக்கே திறக்கணும், விட்டால் குடல் அழுகி நாய் பிழைக்காது என்று சொல்லிட்டாங்க. என் பொறுப்பில் விட்ட உயிர் எதுவும் இதுவரைக்கும் போனதில்லை. உங்க அக்கா அந்த இடத்திலேயே பத்ரகாளியம்மனுக்கு மொட்டை நேர்ந்துக்கிட்டா. அவளுக்கு இல்லை, எனக்கு.

அங்கே வினோலியா என்று ஒரு பிள்ளை. அப்பா வாத்தியார், அம்மா நர்ஸாம். இந்தப் பிள்ளை மிருகங்களுக்கு நர்ஸ் வேலை படிச்சிருக்கு. நாயைப் பிடிச்சுக்கிற ஆள் போலன்னு நினைச்சேன். அது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, மயக்கம் கொடுக்கப் போறோம், என்ன தின்னான், எப்போ தின்னான், எவ்வளவு தின்னான், ஒண்ணையும் மறைக்காமச் சொல்லுங்கன்னு கேட்டுச்சு. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது இங்கே முக்கியமில்லை.

ஜமீன் அந்நியர் யாரையும் கிட்ட விடலை. அதனால் ஊசி ஏறி மயங்குகிற வரைக்கும் நான் பிடிச்சுக்கலாம்னு உள்ளே விட்டாங்க. வாசலிலேயே செருப்பு, போன், சாவி, இரும்பு வார் போட்ட கைக்கடிகாரம் எல்லாத்தையும் கழட்டி வச்சேன். பட்டாசு மருந்து ரூமுக்குள்ள போகுமுன்னே செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கணும், முப்பத்தொரு வருஷப் பழக்கம். அங்கன தகடு இல்லை. குழாயைத் தொட்டுட்டுப் போனேன். டாக்டரம்மா, வினோலியா, நான், ஜமீன், ஆக நாலு பேரு. எங்க ஷெட்டுலயும் ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஆகாது, சரிதான்னு மனசு சமாதானம் ஆச்சு. நாய் மயங்கினதும் வெளிய போங்கன்னாங்க. நான் போகலை. அப்ப ஓரமா நில்லுங்க, எதையும் தொடாதீங்கன்னாங்க.

டாக்டரம்மா வயித்தைத் திறந்தாங்க. நான் அங்கன பார்க்கலை, அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தேன். தொண்டைக்குள்ள ஒரு குழாய், நாக்குல துணி காயப்போடுற கிளிப் மாதிரி ஒண்ணு, பக்கத்துல பெட்டியில நம்பர் ஓடுது. அந்தப் பிள்ளை கத்தியும் எடுக்கலை, ஊசியும் எடுக்கலை. கண் ஓரத்தை விரலால லேசாத் தொடும். தாடையை அசைச்சுப் பார்க்கும். ஈறை அமுக்கிட்டு விடும், வெளுத்த இடம் திரும்பச் சிவக்குதான்னு பார்க்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க சீட்டுல எழுதும். திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். எதுக்கும்மா, அதான் பெட்டியே சொல்லுதேன்னு கேட்டேன். "பெட்டி சொல்லும் ஐயா, கையும் சொல்லணும்ல"ன்னு சொல்லிச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஷெட்டுச் சுவர்ல வெப்பமானி தொங்கினாலும் நான் குனிஞ்சு தரையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஆளை உள்ள விடுவேன். மருந்து கலக்குறவன் கலக்குவான், திரி வைக்கிறவன் வைப்பான், போர்மேன் ஒண்ணும் செய்யாம நின்னு பார்த்துக்கிட்டே இருப்பான். அவன் ஒருத்தன் பார்க்கிறதாலதான் மத்தவன் தைரியமா வேலை பார்க்கிறான். அடடா, இங்கன போர்மேன் இந்தப் பிள்ளைதான்னு அப்பத்தான் விளங்குச்சு.

விளங்கினவன் சும்மா இருந்திருக்கலாம். அப்பத்தான் மேசைக்குக் கீழே பார்த்தேன். ஜமீன் படுத்திருக்கிற விரிப்பில இருந்து ஒரு ஒயர் வருது, ஆரஞ்சு லைட்டு எரியுது, விரிப்பு சூடா இருக்கு. நாலடி தள்ளி ஆக்சிஜன் சிலிண்டர். மூடின ரூமு, சிலிண்டர், சூடு. இவ்வளவையும் ஒண்ணாப் பார்த்த பிறகு நாரணாபுரத்துல எந்தப் போர்மேன் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான்? அவங்க வேலையைக் கெடுக்க வேண்டாம்னு சத்தம் காட்டாம ஓரமாப் போய்ச் சுவிட்சை அணைச்சுட்டேன். நாலு உயிரைக் காப்பாத்திட்டோம்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன் மாப்பிள்ளை.

பெட்டியில நூறு காட்டின ஜமீன் உடம்புச் சூடு தொண்ணூத்தொம்பது ஆச்சு. அடுத்த அஞ்சு நிமிஷத்துல தொண்ணூத்தெட்டு. எனக்குச் சந்தோஷம், நல்லாக் குளிருதுன்னு. வினோலியா முகம் மாறுச்சு. தொண்ணூத்தேழு. பெட்டி டிக் டிக்னு அடிச்சது டிக்கு... டிக்குன்னு ஆச்சு. டாக்டர், ஹார்ட் அம்பத்தெட்டுக்கு வந்துட்டு, மூச்சு நிமிஷத்துக்கு ஆறுதான் விடுறான்னு அந்தப் பிள்ளை பதறாமச் சொல்லுது. சொல்லிக்கிட்டே மயக்க வாயுவைக் குறைக்குது, பையை அமுக்கி மூச்சுக் கொடுக்குது, இன்னொரு கையை விரிப்புக்கு அடியில விட்டுப் பார்க்குது. விரிப்பு சில்லுனு கிடக்கு. தலையைத் தூக்கிச் சுவிட்சைப் பார்த்துச்சு. அப்புறம் என்னையப் பார்த்துச்சு.

"ஐயா, இதை அணைச்சது யாரு?"

எங்க ஷெட்டுல ஒரே ஒரு சட்டம்தான் பெரிசு. தப்பு செஞ்சவன் அந்த நிமிஷமே வாயைத் திறக்கணும். நான்தாம்மான்னு சொன்னேன். திட்டும்னு பார்த்தேன், திட்டலை. சுவிட்சைப் போடச் சொல்லிச்சு. மயக்கத்துல உடம்பு தானா சூடு போட்டுக்காது ஐயா, இவனைப் பாருங்க, எலும்பும் தோலும், சீக்கிரம் குளிர்ந்துருவான், குளிர்ந்தா இதயம் தூங்கிரும், நாலு காலையும் துணியால சுத்துங்கன்னு சொல்லிச்சு. தோளில கிடந்த துண்டை எடுத்துச் சுத்தினேன். பத்தலை. உங்க அக்காவைக் கூப்பிட்டேன், அவ காரில கிடந்த நைலான் சேலையைக் கொண்டாந்து நீட்டினா. வாங்கிச் சுத்திட்டேன். அவ என்னைப் பார்த்த பார்வையே போதும். வெந்நீர் பாட்டிலைத் துணி சுத்தி வச்சோம், வெறுமனே வச்சா தோல் வெந்துருமாம். அந்தப் பிள்ளை பேனாவை என் கையில கொடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதுங்கன்னுச்சு. தொண்ணூத்தேழுன்னு எழுதினேன். தொண்ணூத்தேழரை. தொண்ணூத்தெட்டே கால். மூச்சு பத்து. ஹார்ட் எழுபத்தி நாலு. வாழ்க்கையில எம்புட்டோ ரிஜிஸ்டர் எழுதியிருக்கேன் மாப்பிள்ளை, ஒரு நம்பருக்காக அழுதது அன்னைக்குத்தான்.

குடல்ல இருந்து எடுத்தது அரைச் சாண் மக்காச்சோளக் கட்டை. தைச்சு முடிச்சு டாக்டரம்மா கையைக் கழுவப் போனாங்க. வினோலியா போகலை. எந்திரிக்கும்போதுதான் ஐயா கவனமா இருக்கணும், எல்லாரும் முடிஞ்சுட்டுன்னு நினைச்சுருவாகன்னுச்சு. தரையில சம்மணம் போட்டு ஜமீன் தலையை மடியில வச்சுக்கிட்டு, அது எச்சில் முழுங்குறதைப் பார்த்த பிறகுதான் குழாயை உருவுச்சு. ஜமீன் கண்ணைத் திறந்து, தன் கால்ல சுத்தியிருக்கிற சேலையைப் பார்த்துட்டு, வாலை ஒரு தடவை ஆட்டிச்சு. உங்க அக்கா ஓன்னு அழுதுட்டா. நான் வெளியே போய்க் கைக்கடிகாரத்தை மாட்டுற மாதிரி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, நடந்தது இவ்வளவே. சுவிட்சை அணைத்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மக்காச்சோளம் தெருவின் தவறு. வினோலியா எழுதிய சீட்டின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். என் பேச்சில் சந்தேகம் இருந்தால் சீட்டைப் பாருங்கள், அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். இந்த வயதில் இன்னொரு உயிருக்குக் காவல் நிற்க எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துச் செல்லவும். பேரனுக்கு என் ஆசிகள், நூறாண்டு இருந்து ஊரைக் கூட்டட்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய அன்பும் விசாரிப்பும்.

இப்படிக்கு,
மொட்டைத் தலையுடன்,
அத்தான் அய்யாதுரை.

பின்குறிப்பு: சீட்டை உறைக்குள் போடுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தலைப்பிலேயே அந்தப் பிள்ளை எழுதி வைத்திருக்கு: "தின்றது: அவித்த மக்காச்சோளம். கொடுத்தவர்: ஐயா. தினமும் சாயங்காலம் ஒன்று." சீட்டை எடுத்துடலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். வேற ஒண்ணுமில்லை மாப்பிள்ளை, சாயங்காலமானா பக்கத்துக் கம்பெனியில பட்டாசை வெடிச்சுப் பார்ப்பான். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜமீன் என் கட்டிலுக்கு அடியில போய் நடுங்கிக்கிட்டுக் கிடக்கும். சோளத்தை உதுத்து உள்ளங்கையில வச்சு நீட்டினாத்தான் வெளிய வரும். புதன்கிழமை உதுத்துக்கிட்டு இருக்கும்போது உங்க போன் வந்துச்சு, ஜமீன் நல்லா இருக்கான்னு கேட்டீக. அந்த ரெண்டு நிமிஷத்துல கட்டையோட முழுங்கிட்டு. பொய் சொல்லலாம்னா, இப்பவும் காலடியில படுத்து என் முகத்தையே பார்க்குது. சீட்டை அப்படியே வச்சு ஒட்டுறேன். ஞாயித்துக்கிழமை வாங்கன்னு மேல எழுதியிருக்கதை அடிச்சுடுங்க. பேரன் கொஞ்சம் வளரட்டும், ஆற அமர இருந்துட்டு வாங்க. நீங்க வந்து கூப்பிட்டாலும் ஜமீன் கட்டிலுக்கு அடியில இருந்து வராது. எப்படி வர வைக்கிறதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொல்ல மாட்டேன்.