கொடியிலிருந்து பெய்த மழை

மழைமானியில் இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. மழைக்காரர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கொடியில் அவருடைய சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

மழைக்காரர் என்பது எதிர்க் கடைக்காரர் கேலியாக வைத்த பெயர். நாட்டின் வடக்கு மூலையில், மழை என்பதையே மண் மறந்துபோன பகுதியில், வானிலை நிலையத்தில் தனியாளாக வேலை பார்ப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? காலையில் மழைமானியைப் பார்ப்பார். 'பூஜ்யம்' என்று தலைமை அலுவலகத்துக்குச் செய்தி தட்டிவிடுவார். அன்றைய பேச்சுவார்த்தை அத்தோடு சரி. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நிலையமே வீடான அந்த இடத்தில் தொலைபேசி மணியடித்ததே இல்லை.

மானியில் இருப்பதை அப்படியே அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி மீறிப் பழக்கமில்லாதவர், 'இரண்டு' என்று அனுப்பிவைத்தார். தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் தொலைபேசி அலறியது.

பேசியவள் தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண். பூஜ்யத்தை யாரும் விசாரிப்பதில்லை. மழை என்றால் மட்டும் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். சாரலா, தூறலா, காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டாள். சட்டை விஷயத்தைச் சொல்ல இவர் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"காலைல சாப்பிட்டீங்களா, சார்?"

அதைக் கேட்க ஆளில்லாமல் போய் எவ்வளவு காலமாகிவிட்டது!

"தூறல்தாம்மா," என்றார். "மேற்குக் காத்து."

மறுநாளும் சட்டை அதே இடத்தில் காய்ந்தது, பிழியாமலே. அடுத்து வேட்டி. அவள் கூடுதலாக நாலு வார்த்தை பேசட்டுமே என்று அதற்கடுத்து போர்வை. கனமழை!

இவ்வளவு மழை பெய்தும் வெயில் குறையவில்லையே என்று ஒருநாள் அவள் சந்தேகப்பட்டாள். மழைக்காரர் வெப்பமானியின் மேல் ஈரத்துணியைச் சுற்றினார். கொஞ்சம் அதிகமாகவே சுற்றிவிட்டார் போலிருக்கிறது. அந்த மாதம் முடிந்ததும் வானொலி வாசித்த நிலவரத்தில் தெற்கில் இயல்பான மழை, கிழக்கில் சற்றுக் குறைவு, வடக்கில் எதிர்பாராத தொடர்மழை, கூடவே கடுங்குளிர். மேற்கு மணற்பகுதியிலும் எல்லைக் குன்றுகளிலும்கூட விடாத மழையாம். தன் பொய்க்கு இயற்கையே துணை நிற்கிறது என்று மழைக்காரர் ஆறுதல்பட்டுக்கொண்டார்.

கடைக்காரருக்கு அந்த ஆறுதல் இல்லை. வானொலியோடு சாலையைக் கடந்து வந்துவிட்டார்.

"தொடர்மழையாமே! அப்ப நான் எங்கய்யா இருந்தேன்?"

மத்தியானம் அவர் தூங்கும்போதுதான் பெய்கிறது என்று மழைக்காரர் சமாளித்தார். விளைவு, கடைக்காரர் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, நாற்காலி போட்டு நிலையத்து முற்றத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மழைக்காரர் ஈரப் போர்வையோடு கதவுக்குப் பின்னால் கால் கடுக்க நின்றார்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் அவள் சொன்னாள்: "உங்க மழையைப் பார்க்க எங்க அதிகாரி நாளைக்கு நேர்லயே வரார், சார்."

அன்று அவள் சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, முதல்முறையாக, இல்லை என்று உண்மையைச் சொன்னார்.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப் வந்தது. அதிகாரி நேரே மழைமானியிடம் போனார். குனிந்தார். கழுத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் நிமிர்ந்து போர்வையைப் பார்த்தார். பதற்றத்தில் மழைக்காரர் அதை எடுக்க மறந்திருந்தார். அதிகாரி உள்ளே போய்த் தொலைபேசியைச் சுழற்றினார்.

வேலை போனால் போகட்டும் என்றிருந்தது மழைக்காரருக்கு. நாளைக் காலை மணி அடிக்காதே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஜீப் ஓட்டுநரிடம் மெதுவாகப் போனார்.

"சஸ்பெண்ட் பண்ணிடுவாராப்பா?"

ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை பேரை சார் பண்ணுவாரு? அந்தப் பொண்ணு சாப்பிட்டீங்களான்னு கேக்க ஆரம்பிச்சதிலேருந்து, தனியாள் இருக்கற எல்லா ஸ்டேஷன்லயும் மழைதான்."